தடையற்ற இடங்களையும் உதவிச் சேவைகளையும் கண்டறிவது எப்படி? மாற்றுத்திறனாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் ஒரு தொடக்க வழிகாட்டி

விபத்துக்குப் பின் சக்கர நாற்காலிக்கு மாறியவர், பக்கவாதத்திலிருந்து மீண்டு ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கியிருப்பவர், பார்வையோ கேட்கும் திறனோ குறைந்துகொண்டே வருபவர், மாற்றுத்திறனாளிக் குழந்தையின் பெற்றோர், பழகிய இடத்தை விட்டுப் புதிய நகரத்துக்குக் குடிபெயர்ந்த மாற்றுத்திறனாளி ஆகிய அனைவருக்கும் முதல் சில மாதங்களில் எழும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றே. எங்கெல்லாம் போக முடியும்? போன இடத்தில் உள்ளே நுழைய முடியுமா, கழிப்பறையைப் பயன்படுத்த முடியுமா? உதவி தேவைப்பட்டால் யாரைக் கேட்பது? இவற்றுக்கான விடைகளை எந்த வரிசையில், யாரிடமிருந்து, எப்படித் திரட்டுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடல் அல்லது மனக் குறைபாட்டுடன் வாழ்கிறார்கள். ஆகவே நீங்கள் போக நினைக்கும் இடத்துக்கு உங்களைப் போன்ற ஒருவர் முன்பே போயிருக்க வாய்ப்பு அதிகம். அவர் கண்டறிந்ததைத் தேடிப் பெறுவது உங்கள் வேலையில் பாதி. 'வசதி உண்டு' என்று பிறர் சொல்லும் பொதுவான பதிலை அளவாகவும் படமாகவும் மாற்றி வாங்குவது மறுபாதி. இந்த இரண்டாவது பழக்கம் கைவந்துவிட்டால், வாசல்வரை போய்த் திரும்பி வரும் வேதனை பெருமளவு குறையும்.

முதலில் உங்கள் தேவைகளை எழுதுங்கள்

தேடலைத் தொடங்கும் முன் ஒரு தாளில் உங்கள் தேவைகளைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஏற்ற இடம் இன்னொருவருக்கு ஏற்றதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. சில வேளைகளில் தேவைகள் ஒன்றோடொன்று மோதவும் செய்யும். நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் இடம் தரையோடு தரையாக இருப்பது சக்கர நாற்காலிக்கு ஏற்றது. ஆனால் அதே இடத்தில் வெள்ளைக் கோலுடன் நடந்து வருபவருக்கு நடைபாதை எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் போய்விடும். அதனால்தான் அத்தகைய இடங்களில் காலுக்கும் கோலுக்கும் தட்டுப்படும் புள்ளிகள் கொண்ட ஓடுகளைப் பதிக்கிறார்கள்.

சக்கர நாற்காலியில் செல்பவர்கள், அதில் உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே அகலத்தை அளக்க வேண்டும். கையால் தள்ளும் வளையங்களின் வெளிவிளிம்புகளுக்கு இடையிலான தூரத்தோடு முழங்கைகள் அகலும் அளவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கால் பலகையோடு சேர்த்த நீளம், நாற்காலியின் எடை, மின்கல நாற்காலியானால் மின்கலத்தின் வகை, முழுதாகத் திரும்பத் தேவைப்படும் இடம் ஆகியவற்றையும் குறியுங்கள். கையால் இயக்கும் நாற்காலி ஒரே இடத்தில் திரும்புவதற்கு ஏறத்தாழ 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும் என்பது பல நாடுகளின் கட்டடத் தர அளவுகளில் காணப்படும் எண். கழிப்பறை இருக்கைக்கு மாறும்போது இடப்பக்கமாக மாறுகிறீர்களா, வலப்பக்கமாகவா என்பதையும் தவறாமல் எழுதுங்கள். உடலின் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு, தவறான பக்கத்தில் கைப்பிடிக் கம்பி பொருத்தப்பட்ட கழிப்பறை பயன்படாது.

நடப்பவர்கள், ஓய்வின்றி எத்தனை மீட்டர் நடக்க முடியும், எத்தனை படிகள் ஏற முடியும், கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று எழுதலாம். காது கேளாதவர்களுக்குச் சைகை மொழி பெயர்ப்பாளர் தேவையா, எழுத்து வடிவத் துணைத்தலைப்பு போதுமா என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். பிறவியிலிருந்தே சைகை மொழியில் வளர்ந்தவரும், வளர்ந்த பின் செவித்திறனை இழந்தவரும் ஒரே உதவியைக் கேட்பதில்லை. ஆட்டிசம் உள்ளவருக்குக் கண்ணைக் கூசும் விளக்கும் இடைவிடாத இரைச்சலுமே நுழைய முடியாத சுவராக இருக்கலாம். வெளியில் தெரியாத நாள்பட்ட வலி, வலிப்பு நோய், குடல் நோய் போன்றவற்றுடன் வாழ்பவர்கள் உட்காரும் இடமும் கழிப்பறையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதையே முதலில் கேட்க வேண்டியிருக்கும்.

எழுதி முடித்தபின், இல்லாவிட்டால் போகவே முடியாது என்பவற்றையும் சற்றுச் சிரமப்பட்டுச் சமாளிக்கக்கூடியவற்றையும் தனித்தனியே பிரியுங்கள். குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: இந்தத் தாளை உரியவரே எழுத வேண்டும், எழுத இயலாதவரானால் அவர் சொல்லச் சொல்ல, அல்லது அவர் காட்டும் விருப்பு வெறுப்புகளை அறிந்து, நீங்கள் எழுத வேண்டும். பாசத்தின் காரணமாக நாமே ஊகித்து எழுதும் பட்டியலில் பெரும்பாலும் பாதுகாப்பு மட்டுமே இடம்பெறும். அவர் நண்பர்களுடன் மாலையில் வெளியே போக விரும்புவது இடம்பெறாது.

வரைபடங்களில் தேடுதல்

தேவைகள் தெளிவானபின் வரைபடங்களைத் திறக்கலாம். ஜெர்மனியின் பெர்லின் நகரிலுள்ள சோசியல்ஹெல்டன் அமைப்பு 2010-இல் தொடங்கிய 'வீல்மேப்' என்ற இலவச வரைபடம் உலகின் எல்லா நாடுகளுக்கும் பயன்படுகிறது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் எனப்படும் பொது வரைபடத்தின் மேல் அமைந்துள்ள இதில் பயனர்கள் இடங்களை நிறத்தால் குறிக்கிறார்கள். நுழைவாயிலிலும் உள்ளே எல்லா அறைகளுக்கும் படியே இல்லாத இடம் பச்சை. நுழைவாயிலில் 7 செ.மீ. உயரத்துக்கு மிகாத ஒரு படி மட்டும் இருந்து, முக்கியமான அறைகளுக்குப் படியின்றிப் போக முடிந்தால் ஆரஞ்சு, மற்றவை சிவப்பு, யாரும் இன்னும் குறிக்காதவை சாம்பல். சாம்பல் நிறத்தைக் கண்டு போக முடியாத இடம் என்று எண்ணிவிட வேண்டாம். தகவல் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

கூகுள் மேப்ஸ் செயலியின் அமைப்புகளில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற இடங்களைத் தனித்துக் காட்டும் வசதி 2020 முதல் உள்ளது. அதை இயக்கினால் இடத்தின் பெயருக்கு அருகில் சக்கர நாற்காலிச் சின்னம் தோன்றும்; நுழைவாயில், கழிப்பறை, இருக்கை, வாகன நிறுத்தம் ஆகியவை பற்றித் தனித்தனிக் குறிப்பும் கிடைக்கும். இந்தத் தகவலைப் பல இடங்களில் கடைக்காரரே நிரப்பியிருப்பார் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். வாடிக்கையாளர்கள் பதிவேற்றிய படங்களைத் திறந்து, வாசல் தெரியும் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். உணவு மேசையைப் படமெடுத்தவரின் படத்தின் ஓரத்தில் கழிப்பறைக்கு இறங்கும் படிக்கட்டு தெரிந்துவிடுவது உண்டு. கூகுளின் தெருக்காட்சி (ஸ்ட்ரீட் வியூ) படங்கள் இருக்கும் ஊர்களில், நடைபாதையின் விளிம்பு, வாசலுக்கு முன் கிடக்கும் கழிவுநீர் மூடி, நிழற்குடை ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். அந்தப் படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மதிப்புரைகளுக்குள் 'படி', 'லிஃப்ட்', 'சக்கர நாற்காலி', 'கழிப்பறை' ஆகிய சொற்களைத் தேடினால் நூற்றுக்கணக்கான மதிப்புரைகளிலிருந்து உங்களுக்கு வேண்டிய நான்கைந்து மட்டும் கிடைக்கும்.

தொலைபேசியில் கேட்கும் முறை

வரைபடம் எவ்வளவு நம்பிக்கை தந்தாலும், முக்கியமான பயணத்துக்கு முன் அந்த இடத்துக்கே தொலைபேசியில் பேசிவிடுவது நல்லது. எதைக் கேட்கிறோம் என்பதைவிட எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே இங்கே கிடைக்கும் பதிலின் தரம் அமையும். "சக்கர நாற்காலி வருமா?" என்று கேட்டால், "தாராளமாக வரலாம்" என்ற பதில் வரும். "வாசலில் படி இருக்கிறதா?" என்று அடுத்துக் கேட்டால், "ஒரே ஒரு படிதான், நாங்களே தூக்கிவிடுகிறோம்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. உதவும் எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மின்கலத்தில் இயங்கும் சக்கர நாற்காலி, ஆளையும் சேர்த்து 150 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அதை யாராலும் பாதுகாப்பாகத் தூக்க முடியாது. தூக்கப்படுவதை விரும்பாமலிருக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

ஆகவே ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைத் தவிர்த்து, எத்தனை, எவ்வளவு, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். தெருவிலிருந்து மேசைவரை எத்தனை படிகள்? ஒவ்வொன்றின் உயரம் என்ன? கதவு முழுதாகத் திறந்தபின் கிடைக்கும் இடைவெளி எவ்வளவு? கதவு உள்நோக்கித் திறக்கிறதா, வெளிநோக்கியா? லிஃப்ட் உண்டென்றால், அது இன்று இயங்குகிறதா, அதன் கதவகலம் என்ன, அதை அடைவதற்கு முன் படி ஏதும் உண்டா? அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் முகவரிடம் கேட்பதைவிட, அந்த வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்பதே பயன் தரும்.

அளவுநாடா கையில் இல்லை என்று சொல்பவருக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. மூன்று தாள்களை நீளவாக்கில் அடுத்தடுத்து வைத்தால் 89 செ.மீ. வரும். அவை கதவிடைவெளிக்குள் அடங்கினால், பெரும்பாலான சக்கர நாற்காலிகள் நுழைந்துவிடும். வங்கி அட்டையின் நீளம் 8.56 செ.மீ.; அதைப் படியோடு சேர்த்து நிமிர்த்தி வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால், படியின் உயரம் உங்களுக்கு ஏறத்தாழத் தெரிந்துவிடும். இப்படிக் கேட்கும்போது பெரும்பாலான ஊழியர்கள் ஆர்வத்தோடு உதவுகிறார்கள் என்பதே என் அனுபவம்.

சாய்தளம் உண்டு என்று சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. 1 அலகு உயரத்துக்கு 12 அலகு நீளம் என்பது பல நாடுகளின் விதிகளில் ஏற்கப்பட்ட சரிவு. இதன்படி 15 செ.மீ. உயரமுள்ள ஒற்றைப் படிக்கு 180 செ.மீ. நீளமுள்ள சாய்தளம் வேண்டும்; மூன்று படிகளுக்கு, அதாவது 45 செ.மீ. உயரத்துக்கு, 5 மீட்டர் 40 செ.மீ. வேண்டும். மூன்று படிகளின் மேல் ஒரு மீட்டர் பலகையைச் சாய்த்து வைத்திருந்தால், சக்கர நாற்காலி பின்னோக்கிக் கவிழும் ஆபத்து உண்டு. நேரில் போகும்போது கைபேசியிலுள்ள மட்டமளக்கும் செயலியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். 1-க்கு 12 என்ற சரிவு அதில் ஏறத்தாழ 5 பாகையாகக் காட்டும்.

கழிப்பறைக்குத் தனியாக ஓர் உரையாடல் தேவைப்படும். கதவின் அகலம், உள்ளே திரும்பும் இடம், இருக்கையின் எந்தப் பக்கத்தில் வெற்றிடம் இருக்கிறது, கைப்பிடிக் கம்பிகள் எங்கே பொருத்தப்பட்டுள்ளன, கைகழுவும் தொட்டியின் அடியில் முழங்கால் நுழையுமா, அவசர அழைப்புக் கயிறு தரைவரை தொங்குகிறதா என்று கேட்க வேண்டும். கயிறு சுத்தமாக இருக்க வேண்டும் என்று சுருட்டி மேலே கட்டிவைத்துவிட்டால், கீழே விழுந்தவரின் கைக்கு அது எட்டாது. கடைசியாக, அந்த அறை பூட்டியிருக்குமா, சாவி யாரிடம் இருக்கும் என்றும் கேளுங்கள். முறைப்படி கட்டப்பட்ட கழிப்பறைக்குள் துடைப்பமும் வாளியும் உடைந்த நாற்காலிகளும் அடுக்கப்பட்டு, சக்கர நாற்காலி நிற்க வேண்டிய அதே பக்கவாட்டு இடம் சாமான் வைக்கும் மூலையாகிவிட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். நாம் முன்கூட்டியே கேட்பதால் அந்த இடம் காலி செய்யப்படுவதும் உண்டு. பெரியவர்களுக்கு உடை மாற்றும் படுக்கையும் தூக்கும் கருவியும் தேவைப்படுபவர்கள், அவை கொண்ட விரிவான கழிப்பறை அருகில் எங்கே உள்ளது என்று தேட வேண்டும். 2006-இல் பிரிட்டனில் தொடங்கிய 'சேஞ்சிங் பிளேசஸ்' இயக்கத்தின் முயற்சியால் அத்தகைய அறைகள் பரவலாகத் தொடங்கின.

பேசி முடித்ததும் யாரிடம், எந்தத் தேதியில் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, அதையே சுருக்கமான மின்னஞ்சலாகவோ குறுஞ்செய்தியாகவோ அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். விடுதியில் தங்குவதானால், தீ விபத்தின்போது லிஃப்ட் இயங்காது என்பதால் வெளியேற்றும் ஏற்பாடு என்ன என்பதையும், காது கேளாதவரானால் ஒளிரும் எச்சரிக்கை விளக்கு அறையில் உண்டா என்பதையும் இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டும்.

பார்வை, கேட்டல், புலன்சார்ந்த தேவைகள்

பார்வையற்றவர்களுக்கான தரை ஓடுகளை ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி மியாக்கே உருவாக்கினார். 1967-இல் ஒகயாமா நகரில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீண்ட கோடுகள் கொண்ட ஓடு நடந்து செல்லும் திசையையும், புள்ளிகள் கொண்ட ஓடு நின்று கவனிக்க வேண்டிய இடத்தையும் காட்டும். புதிதாகப் பார்வையிழந்தவர் இவற்றை மட்டும் நம்பி இறங்காமல், நடமாட்டப் பயிற்சி அளிக்கும் ஆசிரியரிடம் கோலைப் பயன்படுத்தக் கற்பது இன்றியமையாதது. இடையில் உதவி வேண்டுமானால், 2015-இல் டென்மார்க்கிலிருந்து வெளிவந்த 'பி மை ஐஸ்' செயலி வழியாகப் பார்வையுள்ள தன்னார்வலர் ஒருவரைக் காணொலியில் அழைத்து, அறை எண்ணையோ மருந்துப் பெட்டியின் தேதியையோ படிக்கச் சொல்லலாம். சாலையைக் கடப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

காது கேட்கும் கருவி அணிந்தவர்கள், அரங்குகளிலும் நுழைவுச்சீட்டுச் சாளரங்களிலும் காதுப் படத்தின் அருகே 'டி' என்ற ஆங்கில எழுத்துள்ள பலகையைத் தேடுங்கள். அங்கே காந்த அலை மூலம் ஒலியை நேரடியாகக் கருவிக்கு அனுப்பும் வளையம் பொருத்தப்பட்டிருக்கும். உங்கள் கருவியில் அந்த அலையைப் பெறும் தொலைச்சுருள் (டெலிகாயில்) இருந்து, அதை அந்த நிலைக்கு மாற்றினால், சுற்றியுள்ள இரைச்சல் அடங்கி மேடைப் பேச்சு தெளிவாகக் கேட்கும். கருவி வாங்கும்போதே இந்தச் சுருள் அதில் உண்டா என்று செவியியல் நிபுணரிடம் கேட்டு, அது இயக்கப்பட்டிருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெளியில் தெரியாத குறைபாடுள்ளவர்களுக்காக, 2016-இல் லண்டனின் கேட்விக் விமான நிலையம் சூரியகாந்திப் பூ அச்சிட்ட பச்சைக் கழுத்துப்பட்டையை அறிமுகப்படுத்தியது. இன்று பல நாடுகளின் விமான நிலையங்களில் அதன் பொருளை ஊழியர்கள் அறிவார்கள். அணிவதும் அணியாததும் உங்கள் விருப்பம். கூட்டமும் ஒலியும் குறைந்த 'அமைதி நேரம்' ஒதுக்கும் அருங்காட்சியகங்களும் கடைகளும் இருக்கின்றன. அறிவிப்பு இல்லாத இடங்களில்கூட, கூட்டம் எந்த மணி நேரத்தில் மிகக் குறைவு என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

வழியையும் சோதியுங்கள்

இடம் தடையற்றதாக இருந்து வழி தடையாக இருந்தால் பயனில்லை. வீட்டு வாசலிலிருந்து சேருமிடம்வரை ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே பாருங்கள்: பேருந்தில் தாழ்தளம் உண்டா, நிலையத்தின் எந்த வாயிலில் லிஃப்ட் இருக்கிறது, அது பழுதானால் அடுத்த நிலையம் எது என்று முன்பே அறிந்திருப்பது நல்லது. நிலைய லிஃப்ட்களின் அன்றாட நிலையை இணையத்தில் வெளியிடும் போக்குவரத்து நிறுவனங்கள் உண்டு. கிளம்புமுன் அதைப் பார்த்துவிடுங்கள். திரும்பி வரும் பயணத்தையும் போகும்போதே பதிவுசெய்துவிடுவது முக்கியம், ஏனெனில் இரவில் வாகனம் கிடைக்காமல் தவிப்பது பெரும்பாலும் திரும்பும் வழியில்தான்.

விமானப் பயணத்தில், உதவி தேவை என்பதைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் தெரிவிப்பது பாதுகாப்பானது. விமான நிறுவனங்கள் இத்தேவையை மூன்று குறியீடுகளாகப் பிரிக்கின்றன. படி ஏறவும் விமானத்துக்குள் நடக்கவும் முடியும், ஆனால் நீண்ட தூரம் நடக்க இயலாது என்பவருக்கு டபிள்யூ.சி.எச்.ஆர்.; படி ஏற இயலாது, ஆனால் இருக்கைவரை நடக்க முடியும் என்பவருக்கு டபிள்யூ.சி.எச்.எஸ்.; சற்றும் நடக்க இயலாது, இருக்கைவரை கொண்டுசெல்ல வேண்டும் என்பவருக்கு டபிள்யூ.சி.எச்.சி. எந்தக் குறியீடு உங்கள் பயணச்சீட்டில் பதிவாகியுள்ளது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தவறான குறியீடு பதிவானால், இறங்குமிடத்தில் ஏணிப்படியின் முன் நிற்க நேரிடும். மின்கல நாற்காலியில் லித்தியம் மின்கலம் இருந்தால் அதன் வாட்-மணி அளவை, அதாவது அது சேமிக்கும் மின்னாற்றலின் அளவை, கேட்பார்கள். கழற்றக்கூடிய ஒற்றை மின்கலத்துக்குப் பொதுவான உச்ச வரம்பு 300 வாட்-மணி. நாற்காலியை ஒப்படைக்குமுன் எல்லாப் பக்கங்களிலும் படமெடுத்து, மெத்தையையும் கழற்றக்கூடிய பாகங்களையும் உங்களுடன் எடுத்துச் செல்லுங்கள்.

உதவிச் சேவைகளை எங்கிருந்து தேடத் தொடங்குவது

மருத்துவமனையில் இருக்கும்போதே தொடங்குங்கள். மறுவாழ்வுச் சேவைகள் இயன்றவரை மிகத் தொடக்க நிலையிலேயே கிடைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 26-ஆவது பிரிவு கூறுகிறது. வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன் மருத்துவச் சமூகப் பணியாளரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். பல மருத்துவமனைகளில் அப்படி ஒருவர் இருப்பதே நோயாளிகளுக்குத் தெரிவதில்லை. எந்தச் சான்றிதழுக்கு யாரிடம் விண்ணப்பிப்பது, உபகரணம் எங்கே கிடைக்கும், வீட்டுக்கு வந்து பார்க்கும் இயன்முறை மருத்துவர் உண்டா, தொடர் சிகிச்சைக்குச் செல்ல வாகன உதவி உண்டா என்ற கேள்விகளை அவரிடம் கேட்கலாம்.

அடுத்தது சான்றிதழ். உதவித்தொகை, பயணச் சலுகை, கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களில் பெரும்பாலானவை அரசு வழங்கும் சான்றையோ மதிப்பீட்டையோ முதலில் கேட்கும் என்பதால், மற்றவற்றுக்கு அலைவதற்கு முன் அதைப் பெற்றுவிடுவது காலத்தை மிச்சப்படுத்தும். மதிப்பீட்டுக்குப் போகும்போது உங்கள் நல்ல நாளை மட்டும் விவரிக்காதீர்கள். மோசமான நாளில் எழுந்து உடை மாற்ற எவ்வளவு நேரமாகிறது, எத்தனை முறை பிறர் உதவி தேவைப்படுகிறது என்பதையும் உள்ளபடி சொல்லுங்கள். மிகைப்படுத்தத் தேவையில்லை, ஆனால் பழக்கத்தாலும் தன்மானத்தாலும் குறைத்துச் சொல்வதால் உரிய உதவியை இழந்தவர்கள் பலர். எல்லா ஆவணங்களையும் நகலெடுத்து, விண்ணப்ப எண், கொடுத்த தேதி, பெற்றுக்கொண்ட அலுவலரின் பதவி ஆகியவற்றை ஒரே குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு, மேல்முறையீட்டுக்கான கால வரம்பை அன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவதாக, மாற்றுத்திறனாளிகள் தாங்களே நடத்தும் அமைப்புகளைத் தேடுங்கள். என் பார்வையில் இதற்கு இணையான உதவி வேறில்லை. 1972-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் எட் ராபர்ட்ஸ் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் நிறுவிய தற்சார்பு வாழ்வு மையம், தம் வாழ்க்கையைப் பற்றிய முடிவுகளைத் தாமே எடுக்க வேண்டும், அனுபவப்பட்டவரே புதியவருக்கு வழிகாட்ட வேண்டும் என்ற கொள்கையில் எழுந்தது. அதே முறையில் பல நாடுகளில் மையங்கள் இயங்குகின்றன. முதுகுத்தண்டு காயம், பார்வையின்மை, செவித்திறன் இழப்பு, மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு என ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்புகள் பல நாடுகளில் உள்ளன. எந்த அலுவலகத்தில் எந்த நாளில் போனால் வேலை நடக்கும், எந்தக் கடையில் சக்கர நாற்காலியின் முன்சக்கரத்தைச் சரியாகப் பொருத்துவார்கள், வெளியூர்ப் பயணத்தில் சிறுநீர்க் குழாயை எப்படிக் கையாளுவது என்பன போன்ற கேள்விகளுக்கு அங்கேதான் வெட்கமின்றிக் கேட்டு, நேரான பதில் பெற முடியும்.

உபகரணம் பெறும்போது அவசரப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சக்கர நாற்காலி வழங்குவதை எட்டு நிலைகளாக வகுக்கிறது. உடலை அளந்து மதிப்பிடுவது, பொருத்திச் சரிபார்ப்பது, பயன்படுத்தப் பயிற்சி தருவது, பின்னர்ப் பழுது பார்ப்பது ஆகியவை அவற்றில் அடங்கும். விழாவில் வரிசையாக நிறுத்தி வழங்கப்படும் ஒரே அளவு நாற்காலியில் இவை எதுவும் நடப்பதில்லை. இருக்கை அகலமாகிவிட்டால் முதுகு ஒருபக்கம் சாயும். மெத்தை பொருந்தாவிட்டால் உணர்ச்சியற்ற உடலில் சில மணி நேரத்திலேயே படுக்கைப் புண் தொடங்கலாம். இலவசமாகக் கிடைத்தாலும், அளவெடுக்க யார் வருவார்கள், உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்ட பின்னரே ஏற்றுக்கொள்ளுங்கள்.

தனிப்பட்ட உதவியாளரை அமர்த்துவதானால், செய்ய வேண்டிய வேலைகள், நேரம், விடுப்பு, அந்தரங்கம் ஆகியவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; அவர் யாரிடம் வேலை செய்கிறாரோ அந்த மாற்றுத்திறனாளியே அவருக்கு அறிவுறுத்த வேண்டும், வீட்டிலுள்ள மற்றவர்கள் அல்ல. பராமரிக்கும் குடும்பத்தினருக்குச் சில நாள் ஓய்வளிக்கும் மாற்றுப் பராமரிப்புச் சேவைகளும் பல இடங்களில் உண்டு. களைத்துப் போனபின் தேடாமல், முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழை விரைவில் பெற்றுத் தருவதாகப் பணம் கேட்கும் இடைத்தரகர்களையும், முழுதாகக் குணப்படுத்துவதாக வாக்களிப்பவர்களையும் நெருங்கவிடாதீர்கள்.

மறுக்கப்பட்டால்

2006 டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்று, 2008 மே 3 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 180-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ளன. கட்டடங்கள், சாலைகள், போக்குவரத்து, தகவல்தொடர்பு ஆகியவற்றைத் தடையற்றவையாக்கும் கடமையை அதன் 9-ஆவது பிரிவு அரசுகளுக்கு விதிக்கிறது. தனிநபருக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்ய மறுப்பதும் பாகுபாடே என்று 2-ஆவது பிரிவு வரையறுக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இதை எப்படிச் செயல்படுத்துகிறது என்பதை மேற்சொன்ன அமைப்புகளிடம் கேட்டறியலாம்.

புகாரைக் கோபத்தில் எழுதாமல் மறுநாள் எழுதுங்கள். நடந்த நாள், நேரம், இடம், தடையின் அளவு, அளவுநாடாவுடன் எடுத்த படம், அங்கிருந்தவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, நீங்கள் கேட்கும் தீர்வையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'வசதி செய்து தருக' என்று பொதுவாக முடிப்பதைவிட, 'இடப்பக்க வாயிலில் 18 செ.மீ. உயரப் படிக்கு நிரந்தரச் சாய்தளம் அமைத்து, அதுவரை நகரும் சாய்தளம் வைக்கவும்' என்பது நிறைவேற வாய்ப்பு அதிகம். முதலில் நிர்வாகத்துக்கும், பதில் இல்லாவிட்டால் உள்ளாட்சிக்கும், அதன் பின் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ செல்வது வழக்கமான வரிசை.

நீங்கள் அறிந்ததைப் பதிவுசெய்யுங்கள்

ஓர் இடத்துக்குப் போய்வந்ததும், அங்கே அளந்தவற்றை அதே வரைபடத்தில் பதியுங்கள். 'நல்ல இடம், வசதி உண்டு' என்று எழுதினால் அடுத்தவருக்குப் பயன் இல்லை. போன தேதி, உங்கள் நாற்காலியின் அகலம், வாசற்படியின் உயரம், கதவிடைவெளி, கழிப்பறையில் வெற்றிடம் எந்தப் பக்கம், லிஃப்ட் இயங்கியதா, ஊழியர் எப்படி நடந்துகொண்டார் என்ற ஏழெட்டு விவரங்கள் போதும். பாராட்டத்தக்கதையும் சேர்த்து எழுதுங்கள். சொன்னபடி கழிப்பறையைக் காலி செய்து வைத்திருந்த நிர்வாகத்துக்கு அது தெரிய வேண்டும். வாசல், தரை, கழிப்பறையின் உட்புறம் ஆகியவற்றைப் படமெடுக்கும்போது யாருடைய முகமும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் பழுது போன்ற தற்காலிகத் தடையைக் கண்டால் அதைத் தற்காலிகம் என்றே குறியுங்கள். மறுமுறை போகும்போது சரியாகியிருந்தால் பழைய குறிப்பைத் திருத்திவிடுங்கள்.